விக்டோரியாக் கால அட்டைகளும் எழுத்தின் முகமும்

சொல்லுக்கு ஒலியும் பொருளும் உண்டு. அச்சேறிய பின்னர் அதற்கு ஒரு முகமும் வாய்த்துவிடுகிறது. அம்முகத்தைக் கொண்டே ஒருவரின் குடியையும் குணத்தையும் மதிப்பிட்ட சமுதாயம் ஒன்று இருந்தது. விக்டோரியா அரசி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்து ஆங்கிலச் சமுதாயமே அது. உள்ளங்கையில் அடங்கும் இருவகை அட்டைகள் இதற்குச் சான்று பகர்கின்றன. ஒன்று, இங்கிலாந்தின் மாளிகை வாயில்களில் அளிக்கப்பெற்ற வருகை அட்டை. மற்றொன்று, அதே காலத்தில் அமெரிக்க இளைஞர்களிடையே வழங்கிய சரச அட்டை.

உயர்குடியினர் ஒரு வீட்டிற்குச் சென்றால் அவருக்கு முன்னே அவருடைய அட்டை உள்ளே செல்லும். பணியாள் அதனைத் தட்டில் ஏந்தித் தலைவியிடம் சேர்ப்பான். காண விருப்பமில்லையெனில் 'வீட்டில் இல்லை' என்னும் விடை வரும். அதனைப் பொய்யென எவரும் கொள்வதில்லை. மூலை மடிந்திருந்தால் உரியவரே நேரில் வந்தார் என்று பொருள். கரிய விளிம்பு துக்கத்தைக் கூறும். கீழ்மூலையில் எழுதப்பெறும் 'பி.பி.சி.' என்னும் மூன்றெழுத்து, விடைபெற்றுச் செல்வதை உணர்த்தும் பிரெஞ்சுத் தொடரின் சுருக்கமாகும்.

இவ்வட்டையின் பெருமை முழுவதும் எழுத்தின் அடக்கத்தில் இருந்தது. செப்புத் தகட்டில் பெயரை இடவலம் மாற்றிச் செதுக்குவர். பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, அட்டையை அதன்மீது வைத்து உருளைகளுக்கிடையே அழுத்துவர். பள்ளத்து மை அட்டையில் சற்றே மேடிட்டு நிற்கும். அச்சுக்கோத்த ஈய எழுத்தோ அட்டையை அழுத்திப் பள்ளமாக்கும். எனவே விரல் நுனியால் தடவியே இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்ள இயலும். நாகரிக நூல்கள் செதுக்கச்சையே தக்கதெனக் கூறின. பேனா முனையின் மெல்லிய கோட்டையும் தடித்த கோட்டையும் பின்பற்றிய சாய்வெழுத்து அதில் பெரிதும் பயின்றது. 18ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பிக்காம் செதுக்கி வெளியிட்ட கையெழுத்து மாதிரிகளின் மரபு அது. அணி இல்லை, வண்ணம் இல்லை. அறியவேண்டியவர்கள் என்னை அறிவார்கள் என்பதே அச்சிற்றெழுத்தின் உட்குறிப்பு எனலாம்.

அவ்வடக்கத்திற்குள் ஓர் அநீதியும் குடிகொண்டிருந்தது. மணமான பெண்ணின் அட்டையில் 'திருமதி' என்பதை அடுத்துக் கணவனின் பெயரே இடம்பெற்றது. மணமாகாத மகளின் பெயரோ தாயின் பெயருக்குக் கீழே ஒதுங்கி நின்றது. எழுத்து அழகியதுதான், அதில் அவளுக்கென இருந்த இடம்தான் சிறிது.

இதே நூற்றாண்டில் அச்சுலகம் வேறொரு திசையிலும் நடந்தது. ஆலைப் பொருள்கள் பெருகின. அவற்றை விற்கக் கூவி அழைக்கும் எழுத்துகள் தேவைப்பட்டன. 1816இல் நான்காம் வில்லியம் கேஸ்லன் தம் மாதிரி ஏட்டில், முனைக்கோடுகள் நீங்கிய மொட்டை எழுத்தை வெளியிட்டார். 1845இல் ராபர்ட் பெஸ்லியின் வார்ப்பகத்திலிருந்து 'கிளாரெண்டன்' என்னும் தடித்த எழுத்து வந்தது. நியூயார்க் நகரத்து ஜார்ஜ் கோர்டன் 1850களில் உருவாக்கிய, காலால் மிதித்து இயக்கும் சிறிய அச்சுப்பொறி, அட்டை அச்சிடுதலை விரைவும் மலிவும் உடையதாக்கியது. 1870களில் சிறுவர்கள் வீட்டிலேயே அச்சிடத்தக்க கைப்பொறிகளும் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன.

சரச அட்டை இச்சூழலில் பிறந்தது. முறையான அறிமுகமின்றி ஓர் இளைஞன் ஒரு பெண்ணிடம் பேசுதல் தகாது என்று கருதப்பட்ட காலம் அது. வாய் பேசத் துணியாததை அட்டை பேசிற்று. ஒரே அட்டையில் பலவகை எழுத்துகள் கலந்து நின்றன. சில வரிகள் வில்லாக வளைந்தன. சில நிழலோடு எழுந்து நின்றன. வீடுவரை துணையாக வரலாமா என்பதே பெரும்பாலும் அதன் வேண்டுகோள். 'சி', 'யு' என்னும் தனி எழுத்துகளை மட்டும் கொட்டை எழுத்தில் இட்டு, 'உன்னைப் பார்க்க' என்று ஒலிக்கச் செய்யும் சிலேடையும் அதில் உண்டு. விருப்பமாயின் அட்டையை வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் திருப்பித் தரலாம் என்னும் குறிப்பும் சிலவற்றில் காணப்படுகிறது.

இக்குறிப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. செதுக்கெழுத்து அட்டையில் தன் பெயரையே முழுமையாகப் பெறாத பெண்ணினத்திற்கு, இம்மலிவான அட்டை ஒரு முடிவை அளித்தது. ஏற்பதும் மறுப்பதும் அவள் கையில் இருந்தன. மறுத்தாலும் இளைஞனுக்கு இழுக்கில்லை. எல்லாம் விளையாட்டு என்று அந்தக் கோணல் எழுத்துகளே சொல்லிவிடும். எழுத்தின் கோமாளி வேடம் இருவரின் மானத்தையும் காத்தது.

செதுக்கெழுத்தை மேன்மையென்றும், கலப்பெழுத்தைக் கீழ்மையென்றும் கண்டவர்களுக்கு 1895 விடை கூறுகிறது. அவ்வாண்டு பிப்ரவரி 18 அன்று, குயின்ஸ்பெரி பிரபு லண்டனின் ஆல்பமார்ல் மன்றத்தில் ஆஸ்கார் வைல்டுக்கென ஓர் அட்டையை விட்டுச் சென்றார். தம் பெயர் பொறித்த வருகை அட்டையில், அக்காலச் சட்டம் குற்றமெனக் கருதிய ஓரினச் சேர்க்கையைச் சுட்டும் பழிச்சொல்லைப் பிழையான எழுத்துக்கூட்டோடு கிறுக்கியிருந்தார். வைல்டு தொடுத்த அவதூறு வழக்கு அவருக்கு எதிராகவே திரும்பியது. மே 25 அன்று ஈராண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. ஒரு கவிஞரின் வாழ்வு ஓர் அட்டையில் சரிந்தது.

எழுத்தின் அடக்கம் உள்ளத்தின் அடக்கத்திற்கு உறுதிமொழி ஆகாது. பழிக்கப்பட்ட கொட்டை எழுத்து, மறுக்கும் உரிமையைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தது. போற்றப்பட்ட மெல்லெழுத்து, ஒருவரை அழிக்கும் பழிச்சொல்லுக்கும் இடங்கொடுத்தது. அச்செழுத்து எம்முகம் பூண்டாலும், அதை நீட்டும் கையின் பண்பே அதன் பொருளை முடிவு செய்கிறது.