காணி: காவிரிப் படுகையில் ஒரு சொல்லின் வரலாறு

இலங்கைத் தமிழர் எந்த நிலத்தையும் 'காணி' என்றே சொல்கின்றனர். புதுச்சேரி வட்டாரத்து உழவர் அதே சொல்லால் நிலத்தின் அளவைக் குறிக்கின்றனர். தஞ்சை மாவட்டத்திலோ வயலைக் குழி, மா, வேலி என்று கணக்கிடுவதே வழக்கமாக இருப்பதால் அச்சொல் பேச்சில் அருகிவிட்டது. ஆயினும் சோழர் காலக் கல்வெட்டுகளைப் படிப்போர்க்குக் காவிரிப் படுகையில் காணியைப்போல் கனத்த சொல் வேறொன்று கிடைப்பது அரிது. ஒரு பின்னத்தின் பெயராகவும், நிலத்தின் பெயராகவும், தலைமுறை தலைமுறையாக வரும் உரிமையின் பெயராகவும் அது ஒரே காலத்தில் வழங்கியது. இம்மூன்றனுள் உரிமை என்னும் பொருளே இப்பகுதியின் சமூக அமைப்பைத் தாங்கி நின்றது.

பின்னக் கணக்கில் காணி என்பது எண்பதில் ஒரு பங்கு. இருபதில் ஒரு பங்கு மா. இவ்விரண்டும் சேர்ந்த மாகாணி பதினாறில் ஒரு பங்கு. காணியின் காற்பங்கான முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. திண்ணைப் பள்ளிச் சிறுவர் எண்சுவடியில் மனப்பாடம் செய்த இந்த வாய்பாட்டையே சோழர் காலத்துக் கணக்கரும் வேலியைப் பகுக்கக் கையாண்டனர். முந்திரியினும் சிறிய துண்டைக் குறிக்க நேர்ந்தபோது, அந்த முந்திரியையே ஒன்றாக வைத்துக்கொண்டு, 'கீழ்' என்னும் அடைமொழியுடன் பின்னங்களை மறுபடி முதலிலிருந்து தொடங்கினர். இராசராசன் காலத்தில் 1001-ஐ ஒட்டி நடந்த நில அளவையின் நுட்பத்துக்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காணும் இக்கீழ்க்கணக்கே சான்று.

உரிமை என்னும் பொருளை அதே கோயிலின் மற்றொரு கல்வெட்டு விளக்கிக் காட்டுகிறது. கோயிற்பணிக்காக நாட்டின் பல தளிகளிலிருந்து, அதாவது கோயில்களிலிருந்து, கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கொரு பங்காக, ஒரு வேலி நிலத்தின் விளைவெனக் கொண்டு, ஆடவல்லான் என்னும் மரக்காலால் ஆண்டுக்கு நூறு கலம் நெல் வகுக்கப்பட்டது. ஒருவர் இறந்தாலோ வேறிடம் சென்றாலோ அடுத்த உறவினர் அந்தக் 'காணி'யைப் பெற்றுப் பணி செய்யவேண்டும் என்றும், அவர் தகுதியற்றவராயின் தகுதியுடைய ஒருவரை அமர்த்திப் பணியை நடத்தவேண்டும் என்றும் அக்கல்வெட்டு விதிக்கிறது. இங்கே காணி என்பது வயலன்று. பணியும் அப்பணிக்குரிய நெல்லும் பிரியாமல் சேர்ந்த மரபுரிமை. பெண்கள் தம் தொழிலால் பெற்ற உரிமைக்கும், ஊர்த்தலைவர் நிலத்தால் பெற்ற உரிமைக்கும் ஒரே சொல் பொருந்தியது குறிப்பிடத்தக்கது.

நிலக்காணியின் இயல்பும் ஏறக்குறைய இதுவே. திருச்சிராப்பள்ளியை அடுத்த அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய ஊர்களின் கல்வெட்டுகளை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா, வேளாளர் ஊர்களில் நிலம் தொடக்கத்தில் ஊரார் பொதுவில் இருந்ததையும், பிற்காலச் சோழர் ஆட்சியில் தனியார் காணியை வாங்குவதும் விற்பதும் பெருகியதையும் எடுத்துக்காட்டினார். எனினும் பொதுவுடைமையின் சாயல் பன்னூறாண்டுகள் நீடித்தது. தஞ்சை ஊர்கள் ஒருவரே முழுதும் ஆண்ட ஏகபோகம், பலர் தனித்தனியே பிரித்து ஆண்ட பலபோகம், பங்காளிகள் பொதுவில் ஆண்ட சமுதாயம் என மூவகைப்பட்டன. சமுதாய ஊர்களில் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை வயல்களைக் கலைத்துப் பங்காளிகளுக்குப் புதிதாகப் பிரித்துக்கொடுப்பர். இதற்குக் கரையீடு என்று பெயர். ஆற்றுப் பெருக்கு ஒரு வயலில் வண்டலும் மற்றொன்றில் மணலும் சேர்க்கும் நாட்டில், மேடும் பள்ளமும் எவர்க்கும் நிலையாக வாய்த்துவிடாதபடி இம்முறை காத்தது. ஆகவே காணியுடையவன் கையில் இருந்தது இன்ன வயல் என்னும் உடைமையன்று, ஊரில் இத்தனை பங்கு என்னும் உரிமையே.

மராத்தியர் ஆட்சியிலும் அதன் பின்னரும் இவ்வுரிமைக்கு மிராசு என்னும் பெயர் நிலைத்தது. வாரிசு என்னும் சொல் பிறந்த அதே அரபு வேரிலிருந்து வந்ததாகையால், மரபுரிமை என்னும் பொருள் அதில் சற்றும் சிதையவில்லை. காணியாளர் மிராசுதாரர் ஆயினர். 1799-இல் தஞ்சை ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், நிலவரியை எவரிடம் தண்டுவது என்னும் கேள்வியால் இச்சொல் அரசாங்கத்தின் ஆராய்ச்சிக்கு உள்ளாயிற்று. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரையின் மிராசு உரிமை பற்றிய விரிவான அறிக்கை 1818-இல் அச்சேறியது; காணியாட்சியைப் பற்றி இன்றும் படிக்கத்தக்க நூல் அது. 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியோ, தனதென்று கண்டு கொள்ளப்பட்டது என்னும் கருத்தில் 'காண்' என்னும் வினையிலிருந்து காணியை வருவிக்கிறது. அவ்வகராதியின் ஆசிரியர் இருவருள் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, சரசுவதி மகால் சுவடிகளுக்கு அட்டவணை அமைத்தவர்.

அதே அகராதி காணியை 24 மனை, அதாவது 57,600 சதுர அடி என்று வரையறுக்கிறது. சென்னைப் பக்கத்தில் நிலைபெற்ற இவ்வளவு 1.32 ஏக்கருக்குச் சமம். தஞ்சை மாவோ 144 சதுர அடிக் குழி நூறு கொண்டது. மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். பின்னத்தில் மாவின் காற்பங்கான காணி, நில அளவில் நான்கு மாவுக்கு ஈடாகிவிடுகிறது. பாரதியார் பராசக்தியிடம் வேண்டிய காணி நிலத்தையும் இந்த அளவாகவே கொள்ளுதல் தகும்.

இத்தனை பொருள் பெற்ற சொல், சேற்றில் இறங்கி உழுதவரைப் பெரும்பாலும் சேரவில்லை என்பதே அதன் வரலாற்றின் கொடிய பகுதி. பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றுடன் பறைச்சேரியையும் வரி நீங்கிய நிலங்களின் வரிசையில் வைக்கின்றன. அச்சேரியில் குடியிருந்த மக்களின் உழைப்பால் விளைந்த நெல்லே காணியாளரின் பங்காகவும் கடமை என்னும் அரசனின் வரியாகவும் பிரிந்தது. பிற்காலப் பண்ணையாளுக்குக் குடிசை நின்ற மனைக்கட்டுகூட மிராசுதாரருடையதாகவே இருந்தது. வேலையை விட்டால் வீட்டையும் விடவேண்டும். உழவர் இயக்கங்களின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு, 1952-இல் வந்த தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அவர்களை விருப்பம்போல் வெளியேற்றுவதைத் தடுத்தது. 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் நன்செய் விளைச்சலில் நூற்றுக்கு 60 பங்கைச் சாகுபடியாளருக்கு உரியதாக்கியது. குடியிருக்கும் மனை விவசாயத் தொழிலாளிக்கே சொந்தம் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது 1971-இல்தான்.