திருத்தம் சென்றடையும் வழி: கட்டற்ற மென்பொருள் வழங்கல்களின் புதுப்பிப்புக் கையேடுகளும் தமிழும்

1. முன்னுரை

யாங்கோன் மாநகரின் நகரியங்களுள் ஒன்று தாமுவே. மியன்மாரின் பிற பகுதிகளைப் போலவே அங்கும் தமிழ், ஆட்சிமொழியின் துணையோ சந்தையின் துணையோ இன்றி வாழவேண்டிய மொழியாகும். 1962ஆம் ஆண்டின் படைத்துறை ஆட்சி மாற்றமும், 1964ஆம் ஆண்டின் நாட்டுடைமை நடவடிக்கைகளும், அவற்றைத் தொடர்ந்த பெரும் இடப்பெயர்வும் அந்நாட்டுத் தமிழரின் வணிகத்தையும் இதழியலையும் கல்வியையும் ஒருசேரத் தளர்த்தின. தனியார் பள்ளிகள் அரசுடைமையான பின்னர்த் தமிழ் எழுத்தறிவு பெரும்பாலும் கோயில்களையும் தன்னார்வ வகுப்புகளையும் சார்ந்து நின்றது.

இத்தகைய சூழலில் கணினித் திரையில் ஒரு தமிழ் எழுத்து பிழையாகத் தோன்றினால் அதனைத் திருத்துவோர் யார்? திருத்தம் எவ்வழியாக அப்பயனரிடம் வந்துசேரும்? வணிக நிறுவனங்கள் சந்தையின் அளவை நோக்கியே முடிவெடுக்கின்றன. கட்டற்ற மென்பொருளோ எவரும் மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை அளிக்கிறது. எனினும் உரிமை வேறு, வழி வேறு. திருத்தும் உரிமை உரிம ஆவணத்தில் இருக்கிறது. திருத்தத்தைக் கொண்டுசேர்க்கும் வழி கையேட்டில் இருக்கிறது. அக்கையேடுகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு திருந்தின, தமிழ் அவற்றில் எந்த இடத்தைப் பெற்றது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

2. கையேடுகளின் தோற்றம்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் ஓர் இயக்குதளத்தின் கருவகம் மட்டுமே. அதனோடு ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் தொகுத்து, ஒன்றோடொன்று பொருந்தச் செய்து, பயனருக்கு அளிக்கும் தொகுப்பே வழங்கல் எனப்படுகிறது. வழங்கலின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு பொதி. எழுத்துரு ஒரு பொதி. விசைப்பலகை அமைப்பு மற்றொரு பொதி. பொதியில் செய்யப்படும் மாற்றம் புதுப்பிப்பாகப் பயனரைச் சென்றடைகிறது.

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியன் வழங்கலை அறிவித்தார். அக்காலத்தில் பரவலாக வழங்கிய எஸ்.எல்.எஸ். என்னும் தொகுப்பு வழுக்கள் நிறைந்தும் முறையான பராமரிப்பின்றியும் இருந்தது அவரது முயற்சிக்கு ஒரு காரணம். நன்கு பேணப்படும் வழங்கல் வேண்டுமெனில், பேணும் முறையும் எழுதப்பட வேண்டும். 1996 முதல் இயன் ஜாக்சன் முதலியோரின் உழைப்பில் டெபியன் கொள்கைக் கையேடு உருவாயிற்று. பொதி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அது வரையறுத்தது; புதியவர் எங்கே தொடங்குவது என்பதை அது கூறவில்லை.

அக்குறையை நிறைவுசெய்த நூல்களுக்குத் தனி வரலாறு உண்டு. 1997இல் ஜல்தர் வியாஸ் டெப்மேக் என்னும் கருவிக்கு ஒரு கையேடு எழுதினார். அதனை அடிப்படையாகக் கொண்டு 1998 முதல் யோசிப் ரோடின் புதிய பராமரிப்பாளர் வழிகாட்டியை உருவாக்கினார். பின்னாளில் ஒசாமு அவோகி அவ்வழிகாட்டியைப் பேணியதோடு, காலத்திற்கேற்ற புதிய நூல் ஒன்றையும் எழுதினார். இந்திய வழித்தோன்றல் ஒருவரும், குரோவாசியர் ஒருவரும், ஜப்பானியர் ஒருவரும் ஒருவர்பின் ஒருவராக ஒரே பணியை எடுத்துச் சென்றனர்.

தமிழ்ப் பதிப்பு வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதிதன்று. உ.வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பித்த சீவக சிந்தாமணி, 1907இல் மறுபதிப்புக் கண்டது. பாடவேறுபாடுகளைக் குறித்து வைக்கும் மரபே, பின்வந்தோர் முன்னோரின் முடிவுகளை மீண்டும் ஆராய இடமளித்தது. பொதியொன்றின் மாற்றக் குறிப்பேடும் அத்தகையதே. என்ன மாற்றப்பட்டது, எப்போது, யாரால், எந்த வழுவின் பொருட்டு என்பன அதில் வரிசையாகப் பதியப்படுகின்றன. குறிப்பேடின்றி வரும் திருத்தம், ஏடெழுதியவர் பெயரும் காலமும் அறியப்படாத சுவடியைப் போன்றது.

3. ஓர் எழுத்தின் பயணம்

கையேட்டின் தேவையைத் தமிழ் எழுத்தொன்றின் வரலாறு தெளிவாக்கும். ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் இடமிருந்தது, ஶகரத்திற்கு இடமில்லை. 2005இல் வெளிவந்த 4.1ஆம் பதிப்பிலேயே அவ்வெழுத்துச் சேர்க்கப்பட்டது. அதுவரை, சிறப்பு அடைமொழியாக வழங்கும் ‘ஸ்ரீ’ என்னும் வடிவம் ஸகர மெய்யையும் ‘ரீ’யையும் இணைத்தே குறியேற்றப்பட்டது. அதன்பின் ஶகர மெய்யோடு ‘ரீ’யை இணைக்கும் ‘ஶ்ரீ’ என்ற குறிவரிசையும் வழக்கிற்கு வந்தது. பழைய ஆவணங்களில் முன்னைய வரிசையே நிலைத்துவிட்டது.

கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றலாம். கணினிக்கு அவை வேறு. ஒரு நூலகத்தின் பட்டியலில் ஒரு வரிசையால் பதியப்பட்ட நூலை மற்றொரு வரிசையால் தேடும் ஆய்வாளருக்கு, தேடுபொறி இரண்டையும் இணைத்துப் பார்க்காதவரை, அந்நூல் கிடைக்காது. நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததாகிவிடும்.

இச்சிக்கலைத் தீர்க்க ஒரு திருத்தம் போதாது. எழுத்துரு இரு வரிசைகளுக்கும் உரிய வடிவத்தைக் காட்ட வேண்டும். விசைப்பலகை அமைப்பு புதிய எழுத்தை உள்ளிட வழிசெய்ய வேண்டும். அகரவரிசைப்படுத்தும் விதிகள் அதற்கு ஓர் இடம் வகுக்க வேண்டும். இம்மூன்றும் வெவ்வேறு பொதிகள், பராமரிப்பாளர்களும் வெவ்வேறானவர்கள்.

டெபியனில் ஒரு திருத்தம் செல்லும் வழி பின்வருமாறு. பயனர் வழுவைப் பதிகிறார். அதற்கு ஓர் எண் கிடைக்கிறது. பராமரிப்பாளர் அதனை மூல ஆசிரியருக்குத் தெரிவிக்கிறார், அல்லது தாமே திருத்துகிறார். புதிய பொதியின் மாற்றக் குறிப்பேட்டில் அவ்வழுவின் எண்ணை உரிய வடிவில் குறித்தால், பொதி ஏற்றப்பட்டதும் வழு தானாகவே முடிக்கப்படும். பொதி முதலில் நிலையற்ற தொகுப்பில் நுழைகிறது. குறிக்கப்பட்ட அவசரத்தைப் பொறுத்துப் பொதுவாக 2, 5 அல்லது 10 நாள்கள் கடந்து, தடைகள் இல்லையெனில் சோதனைத் தொகுப்பிற்குச் செல்கிறது. நிலையான வெளியீடோ ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. அதற்கு முன்பே நிலையான தொகுப்பில் திருத்தம் வேண்டுமெனில் வெளியீட்டுக் குழுவின் இசைவு தேவை. பழைய பொதிக்கும் புதிய பொதிக்கும் இடையிலான வேறுபாட்டை அக்குழுவுக்குக் காட்ட வேண்டும். மாற்றம் சிறிதாகவும் காரணம் வலிதாகவும் இருத்தல் வேண்டும்.

இவ்வழியை அறிந்தவருக்கு இது சில நாள் பணி. அறியாதவருக்கோ மூடிய கதவு.

4. கையேடுகள் திருந்திய விதம்

கையேடு எழுதப்பட்டால் மட்டும் போதாது. அது கேட்கும் கேள்வி சரியாக இருத்தல் வேண்டும். 2004இல் தொடங்கிய உபுண்டு வழங்கலில் இதற்கு நல்லதொரு சான்று உண்டு. நிலையான வெளியீட்டிற்குப் புதுப்பிப்பு அனுப்புவோர், வழுவின் விளைவு, சோதிக்கும் முறை, பின்னடைவு நேரும் வாய்ப்பு ஆகியவற்றைத் தனித்தனித் தலைப்புகளின்கீழ் எழுத வேண்டியிருந்தது. ‘வாய்ப்பு’ என்ற தலைப்பு ஓர் அளவை மட்டுமே கேட்பதாகப்பட்டது. ஆகவே ‘குறைவு’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு நகர்வது எளிதாயிற்று. பின்னாளில் அத்தலைப்பு ‘எங்கே சிக்கல் எழக்கூடும்’ என்னும் பொருளில் மாற்றப்பட்டது. இந்த வினாவிற்கு ஒரு சொல்லில் விடையளிக்க இயலாது. தமிழ் எழுத்துருவைத் திருத்துபவர், எழுத்தின் உயரம் மாறினால் பழைய ஆவணங்களின் வரி இடைவெளியும் பக்க அமைப்பும் மாறக்கூடும் என்று சிந்தித்தே எழுத வேண்டியவராகிறார்.

ஃபெடோரா வழங்கல் வேறொரு வாயிலைத் திறந்தது. அதன் போதி என்னும் அமைப்பில் சோதனைக்கு வரும் புதுப்பிப்பைப் பயனர்கள் நிறுவிப் பார்த்து, ஆதரவாகவோ எதிராகவோ மதிப்பிடலாம். நிரல் எழுதத் தெரியாதவரும் இதில் பங்கேற்க முடியும். தமிழ் எழுத்துரு ஒன்றைச் சோதிக்கத் தேவைப்படுவது நிரலறிவைவிடத் தமிழறிவே. ‘கொ’வில் கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் சரியாக அமைகின்றனவா, ‘கௌ’வின் பின்குறியை இயந்திரம் ளகரத்தோடு மயங்காமல் கொள்கிறதா, ‘க்ஷ’ பிரியாமல் தோன்றுகிறதா என்பனவற்றைத் தாமுவேயில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியரும் ஒரு பார்வையில் கூறிவிடலாம். ஆனால் எவற்றைப் பார்க்க வேண்டும் என்னும் பட்டியல் புதுப்பிப்போடு வந்தாலன்றி அவர் பார்வை பயன்படாது.

அண்மைக் காலத்தில் ஆவணவியலாளர் டேனியல் புரோசிடா வகுத்த நால்வகைப் பகுப்பும் கருதத்தக்கது. பயிற்சிப் பாடம், செய்முறை வழிகாட்டி, தகவற்குறிப்பு, விளக்கவுரை ஆகிய நான்கும் வெவ்வேறு தேவைகளுக்குரியவை; ஒன்றாகக் கலந்தால் எதுவும் பயன்படாது என்பது அவர் கொள்கை. உபுண்டுவைப் பேணும் நிறுவனம் இப்பகுப்பைத் தன் ஆவணங்களுக்கு அடிப்படையாக்கியது. தமிழ் மரபு சூத்திரத்தையும் உரையையும் வேறுபடுத்தியே வழங்கியது. விதியைச் சூத்திரம் கூறும். காரணத்தை உரை கூறும். கொள்கைக் கையேட்டை மட்டும் கையில் கொடுத்துப் புதியவரைப் பணிக்கு அழைப்பது, உரையின்றி நன்னூலைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

5. மியன்மார் தரும் பாடம்

வழி எழுதப்படாதபோது என்ன நேரும் என்பதற்குத் தாமுவேயின் தெருக்களில் வழங்கும் பர்மிய எழுத்தே சான்று. பர்மிய எழுத்து 1999இல் ஒருங்குறியின் 3.0ஆம் பதிப்பில் இடம்பெற்றது, 2008இல் 5.1ஆம் பதிப்பு அதன் குறியேற்ற முறையைச் செம்மைப்படுத்தியது. ஆனால் அதற்கு முன்பே ஸாஜி என்னும் எழுத்துரு பரவிவிட்டது. அது ஒருங்குறியின் இடங்களைத் தன் விருப்பப்படி பயன்படுத்தியது. மொன், ஷான், கரென் முதலிய சிறுபான்மை மொழிகளின் எழுத்துகளுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களும் அதற்குத் தப்பவில்லை.

முறையான குறியேற்றத்தை விளக்கும் தொழில்நுட்பக் குறிப்பு இருந்தது. அது பொறியாளருக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. மக்களிடம் சென்றதோ கைப்பேசிக் கடைக்காரர் நிறுவித் தந்த எழுத்துரு. 2014இல் வெளிநாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நுழைந்து கைப்பேசிகள் பெருகியபோது பிழையும் பெருகியது. 2019 அக்டோபர் 1ஆம் நாளை ஒருங்குறிக்கு மாறும் நாளாக அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்நாட்டுச் சிறுபான்மை மொழியினர் தம் எழுத்துகளின் இடத்தை மீட்கப் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தனர்.

தமிழும் இத்தகைய குழப்பத்தைக் கண்டதே. எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம் என்றிருந்த நிலையை மாற்ற, 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் மாநாடுகள் கூடின. தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது. தரம் இயற்றுவதில் தமிழர் காட்டிய ஒருங்கிணைப்பு போற்றத்தக்கது. அத்தரம் பொதியாகிப் பயனரை அடையும் வழியை எழுதிவைப்பதில் அதே அக்கறை காட்டப்படவில்லை.

6. தமிழ் நிற்கும் இடம்

2007இல் வெளிவந்த டெபியன் 4.0 வரைகலை நிறுவியை அறிமுகப்படுத்தியது. இந்திய மொழி எழுத்துகளைச் சரிவரக் காட்ட அதனால் இயன்றது. தமிழிலேயே இயக்குதளத்தை நிறுவும் நிலை வந்தது. அதே ஆண்டில் டெபியனை அடியொற்றிய பாஸ் வழங்கலைச் சி-டாக் நிறுவனம் வெளியிட்டது. இவை பெரும் பேறுகள். எனினும் புதிய பராமரிப்பாளர் வழிகாட்டி ஜப்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், உருசியம், கற்றலான் முதலிய மொழிகளில் பெயர்க்கப்பட்டபோது, அவ்வரிசையில் தமிழ் இல்லை. கற்றலான் பேசுவோர் தமிழ் பேசுவோரைவிட எண்ணிக்கையில் மிகக் குறைந்தவர் என்பது நினைக்கத்தக்கது.

திரையில் தோன்றும் சொற்களைப் பெயர்த்தவர்கள் தமிழைப் பயன்படுத்துவோரின் மொழியாக்கினர். திருத்தும் வழியைப் பெயர்க்காமையால் அது திருத்துவோரின் மொழியாகவில்லை. இதன் விளைவு, திருத்தும் திறன் ஆங்கிலமறிந்த மிகச்சிலரின் நினைவில் தங்கிவிடுவதாகும். அவர்கள் பணிமாறினாலோ ஓய்ந்தாலோ வழியும் அவர்களோடு மறைந்துவிடும்.

இக்குறையை நீக்கும் பணி எல்லைக்குட்பட்டதே. முதலாவதாக, வழுவைப் பதிவது முதல் நிலையான வெளியீட்டிற்குத் திருத்தம் அனுப்புவது வரையிலான செய்முறை வழிகாட்டி தமிழில் எழுதப்பட வேண்டும். அது பதிப்பெண்ணும் மாற்றக் குறிப்பேடும் உடையதாக இருத்தல் வேண்டும். இரண்டாவதாக, ஒரு தமிழ் எழுத்துச் சிக்கல் எந்தெந்தப் பொதிகளைத் தொடும் என்னும் அட்டவணை வேண்டும். ஶகரத்தின் வரலாறு அதன் தேவையை உணர்த்துகிறது. மூன்றாவதாக, சோதிக்க வேண்டிய எழுத்துகளின் பட்டியல், நிரலறியாத தமிழாசிரியரும் பயன்படுத்தும் வண்ணம் அமைய வேண்டும். நான்காவதாக, வழிகாட்டி தொடர் இணைய வசதியை எதிர்பார்க்கலாகாது. 2021க்குப் பின் மியன்மாரில் இணையத் தடைகளும் மின்வெட்டும் நாள்தோறும் உணரப்படுபவை. டெபியனின் வழுப்பதிவு அமைப்பு மின்னஞ்சல் வழியாக இயங்குவது இங்குப் பெருந்துணை. இணைப்பில்லாத வேளையில் எழுதி, இணைப்புக் கிடைக்கும்போது அனுப்பலாம். இவ்வசதியைத் தமிழில் விளக்கும் ஒரு பக்கம்கூட மதிப்புடையது.

7. முடிவுரை

மென்பொருளின் வரலாறு பெரும்பாலும் அதனை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்படுகிறது. டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றின் அனுபவம், வழியை எழுதியோரும் அவ்வரலாற்றில் இடம்பெறத் தக்கவர் என்பதைக் காட்டுகிறது. ஒரு தலைப்பின் சொல்லை மாற்றியதே திருத்தங்களின் தரத்தை உயர்த்தும் முயற்சியாயிற்று. ஒரு சிறு கையேடு மூவர் கைமாறிப் பல மொழிகளுக்குச் சென்றது. தமிழுக்குத் தரங்கள் உள்ளன, எழுத்துருக்கள் உள்ளன, பிழையைக் கண்டறியும் கண்கள் தாமுவேயிலும் உள்ளன. அக்கண்கள் கண்ட பிழை திருத்தமாகி மீண்டும் அவர்களிடம் வந்துசேரும் வழியைத் தமிழில் எழுதிவைப்பது, ஆய்வு நிறுவனங்களும் நூலகங்களும் இணைந்து ஏற்கத்தக்க பணியாகும்.