கியர்பாக்ஸுக்குள் ஒரு முனகல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கார் ரிப்பேர் மாதிரி ஆரம்பித்து, நடுவில் கொஞ்சம் சரித்திரம், கடைசியில் என் அசட்டுத்தனம் என்று போய் முடியும். பொறுமை உள்ளவர்கள் தொடரலாம் :-)

1994-ல் திருநெல்வேலியிலிருந்து ஒரு ட்ரங்க் பெட்டியோடு பம்பாய் வந்து இறங்கியபோது (அப்போது இன்னும் பம்பாய்தான்), எனக்கு இடம் கொடுத்தது செம்பூரில் இருந்த சித்தப்பா. அவர் பரேல் பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்த்தவர். 1982 ஜனவரி 18-ந் தேதி தத்தா சாமந்த் தலைமையில் ஆலைத் தொழிலாளர் ஸ்டிரைக் ஆரம்பித்ததே, அதில் மூடிப்போன ஆலைகளில் அவருடையதும் ஒன்று. பிறகு எங்கெங்கோ வேலை பார்த்து, தொண்ணூறுகளில் ஒரு பழைய பிரீமியர் பத்மினி வாங்கினார். என் கல்யாணத்துக்கு தாதர் ஸ்டேஷனிலிருந்து ஊர்க்காரர்களை ஏற்றி வந்ததும், என் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அந்த வண்டிதான்.

போன வருஷம் அதன் கியர்பாக்ஸ் படுத்துவிட்டது. சித்தப்பாவுக்கு 78 வயசு. "வித்துரலாம்லே" என்றார். சொல்லும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் விற்கவில்லை. குர்லாவில் ஃபியட் வண்டிகளிலேயே வயசான ஒரு மிஸ்திரியைப் பிடித்து, பெட்டியை முழுசாகப் பிரித்து ஓவர்ஹாலிங் செய்யச் சொன்னேன்.

குர்லா என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. இத்தாலியின் ஃபியட் 1100 அங்கே தயாராகி, எழுபதுகளில் பத்மினி என்று பேர் மாறியது. 1089 சிசி எஞ்சின், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் கம்பி. ஊரே அதை "ஃபியட்" என்றுதான் கடைசி வரை கூப்பிட்டது. டாக்ஸியாக ஓடிய கடைசி பத்மினி 2003 அக்டோபரில் பதிவானது. 20 வருஷ வயசு வரம்பு முடிந்து, 2023 அக்டோபர் 30 முதல் மும்பைத் தெருக்களில் அந்தக் கறுப்பு மஞ்சள் பத்மினி இல்லை. இது நம் ஊர்க்காரர்கள் நிறைய பேருக்கு வருத்தம். பம்பாயில் வந்து இறங்கிய முதல் நாள் சவாரி அதில்தானே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி மாட்டி, புது எண்ணெய் ஊற்றி, 200 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. உள்ளே இருந்து ஒரு முனகல். அரிசி மாவு அரைக்கும் கிரைண்டரில் ஒரு கல் மாட்டிக்கொண்ட மாதிரி.

எனக்குக் கம்பெனியில் சோறு போடுவதே பேரிங்தான். பம்பு, மோட்டார் எல்லாவற்றிலும் அதிர்வு அளந்து, எந்த பேரிங் எப்போது போகும் என்று சொல்வது என் வேலை. விடுவேனா? உட்கார்ந்து சோதனை ஆரம்பித்தேன். பழைய வண்டி வைத்திருக்கிற யாருக்கும் பயன்படும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

வண்டி நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது, கியர் நியூட்ரலில், கால் கிளட்சில் இல்லை. இந்த நிலையில் பெட்டிக்குள் எஞ்சினிலிருந்து வரும் தண்டும், அது சுழற்றும் கீழ்த் தண்டும் (லே ஷாஃப்ட்) மட்டும் சுற்றும். சக்கரத்துக்குப் போகும் மெயின் ஷாஃப்ட் சும்மா நிற்கும். அப்போது சத்தம் வந்து, கிளட்சை மிதித்ததும் போனால், முதல் இரண்டு தண்டுகளின் பேரிங்கைச் சந்தேகப்படலாம். மாறாக, கிளட்சை மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே, கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

அடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் மூன்று கியரில் கத்திவிட்டு நாலாவதில் அடங்குகிறதா? இதற்குக் காரணம் தெரிய 1898-க்குப் போக வேண்டும் (கொசுவத்தி சுற்றிக்கொள்ளுங்கள்).

அதற்குச் சில வருஷம் முன்னால் பான்ஹார் லெவாஸர் கம்பெனி, முன்னால் எஞ்சின், நடுவில் கிளட்ச், பல் சக்கரப் பெட்டி என்ற அமைப்பைக் கொண்டுவந்திருந்தது. லூயி ரெனோ என்ற 21 வயசுப் பையன் பாரிஸுக்குப் பக்கத்தில் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு சின்னக் கார் செய்தான். அதில் டாப் கியர் போட்டால் வரும் தண்டும் போகும் தண்டும் நேராகவே பூட்டிக்கொள்ளும். நடுவில் பல் சக்கரங்களுக்கு வேலையில்லை. 1898 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு மோன்மார்த் மேட்டில் அதை ஏற்றிக் காட்ட, அங்கேயே ஆர்டர் குவிந்தது. அந்த நேரடிப் பூட்டு பின்னால் ரொம்ப காலத்துக்குப் பின்சக்கர வண்டிகளின் வழக்கமானது. ஆக, டாப் கியரில் கீழ்த் தண்டு சும்மா சுற்றுகிறது, பல்லும் பல்லும் தள்ளிக்கொள்ளும் பாரம் முன் பேரிங்குக்கும் இல்லை. பாரம் போனதும் முனகலும் அடங்குகிறது. எல்லாக் கியரிலும், ஓட்டத்தில் நியூட்ரலுக்குத் தள்ளினாலும் சத்தம் இருந்தால் பின்பக்க மெயின் ஷாஃப்ட் பேரிங்கையோ, அதற்கும் பின்னால் டிஃபரன்ஷியலையோ பார்க்க வேண்டும்.

எங்கள் வண்டி நியூட்ரலில் முனகியது, கிளட்சை மிதித்தால் அமைதி, நாலாவது கியரில் பாதி அடங்கியது. நான் தீர்ப்பே எழுதிவிட்டேன்: மிஸ்திரி சுத்தியலால் அடித்து பேரிங்கை ஏற்றியிருக்கிறார். மீதிக் கூலி 3,500 ரூபாயை நிறுத்தி வைத்தேன். நாலு பேர் முன்னால் "உங்களுக்கு பேரிங் போடத் தெரியவில்லை" என்றும் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சித்தப்பா கேள்விப்பட்டு, "என்னைக் கூட்டிட்டுப் போ" என்றார். தறிச் சத்தத்தில் இத்தனை வருஷம் இருந்து அவருக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. சத்தத்தைக் கண்டுபிடிக்க இவரா என்று நினைத்தேன்.

வண்டியை லிஃப்டில் தூக்கி எஞ்சினை ஓடவிட்டார்கள். சித்தப்பா ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரை வாங்கி, நுனியைப் பெட்டியின் பின்பக்கம் வைத்து, பிடியை உள்ளங்கையில் அழுத்தினார். பிறகு நடுவில். பிறகு முன்பக்கம். கண்ணை மூடிக்கொண்டார். ஆலையில் லைன் ஷாஃப்ட் பேரிங்கை இப்படித்தான் பார்ப்பாராம்.

அவர் வேலைக்கும் ஆலைக்கும் உள்ள உறவு சரித்திரத்திலேயே இருக்கிறது. குண்டு வைத்த பேரிங்குக்கு 1794-லேயே வேல்ஸில் பிலிப் வான் காப்புரிமை வாங்கினார், வண்டி அச்சுக்காக. 1869-ல் ஜூல் சூரிரே சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். ஆனால் எல்லாக் குண்டும் ஒரே அளவில் இல்லாவிட்டால் பாரம் சிலதில் மட்டும் விழும். 1883-ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் ஃப்ரீட்ரிக் ஃபிஷர் அமைத்த அரைக்கும் மெஷின்தான் ஒரே அளவு உருண்டைகளைக் குவியலாகத் தந்தது. அந்த ஊர் பேரிங்குக்கே பேர்போனதால், 1943-ல் அமெரிக்க விமானங்கள் இரண்டு முறை போய் குண்டு போட்டன. இரண்டாவது முறை 60 விமானங்களை இழந்தன. நடுவில் 1907-ல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் ஸ்வென் விங்குவிஸ்ட். அவரும் ஒரு ஜவுளி ஆலையின் மெயின்டனன்ஸ் ஆள்தான். களிமண் தரை அசைந்து தண்டுகள் கோணிக்கொள்ள, பேரிங்குகள் உடைந்துகொண்டே இருந்தன. கோணலுக்கு வளைந்து கொடுக்கும் இரட்டை வரிசைக் குண்டு பேரிங்கைச் செய்தார். அதில் பிறந்ததுதான் எஸ்.கே.எஃப்.

சித்தப்பா கண் திறந்தார். "முன்னாலதாம்லே. எஞ்சின் தண்டு பேரிங்." ஒரு நிமிஷம் கழித்து, "அதை யாரு வாங்குனது?"

நான்தான். மிஸ்திரி சொன்ன கடையில் விலை அதிகம் என்று, வேறு கடையில் பாதி விலைக்கு நானே வாங்கி வந்து கொடுத்தேன்.

பெட்டியை இறக்கிப் பிரித்தார்கள். பேரிங்கை சுத்தியலால் அடித்து ஏற்றியிருந்தால் வளையத்தின் பாதையில் குண்டுகளின் இடைவெளிக்குச் சரியாகச் சின்னச் சின்னக் குழிகள் விழும். கடினத்தை அளக்கும் முறையைக் கண்டுபிடித்த ஸ்வீடன்காரர் பிரினெல் பேரால் அதை பிரினெல் தழும்பு என்போம். நானே எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். இங்கே அப்படி ஒரு குழிகூட இல்லை. பாதை முழுக்கச் சீராகச் செதில் உரிந்திருந்தது. மட்டமான இரும்பு. மிஸ்திரி பெட்ரோல் நனைத்த துணியால் வெளி வளையத்தைத் துடைத்தார். அதில் இருந்த பிராண்டு பேர் துணியோடு வந்துவிட்டது.

யாரும் ஒன்றும் பேசவில்லை. அதுதான் ரொம்ப கஷ்டமாக இருந்தது.

அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில்லோடு புது பேரிங் வாங்கினேன். மிஸ்திரி உள் வளையத்தில் மட்டும் உட்காரும்படி ஒரு குழாய்த் துண்டு வைத்து, பிரஸ்ஸில் மெதுவாக ஏற்றினார். அவரிடம் எப்போதுமே அந்தக் குழாய் இருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. நிறுத்தி வைத்த 3,500-ஐயும், இரண்டாவது முறை பிரித்த கூலியையும் அதே நாலு பேர் முன்னால் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். "உங்க சித்தப்பா கையை விடாதீங்க சார்" என்றார் இந்தியில். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது சித்தப்பா பக்கத்து சீட்டில். சத்தம் போனது அவருக்குக் கேட்காது. ஸ்டியரிங் பக்கம் கையை நீட்டி, கியர் கம்பியை மூன்று விரலால் தொட்டுக்கொண்டே செம்பூர் வரை வந்தார். வீடு வந்ததும் கையை எடுத்து, "இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்றார்.

வண்டியைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.