மனநலச் சட்டம்: யார் பொறுப்பு?

அந்தியூர் பஸ் ஸ்டாண்டில் கிழிந்த துணியோடு, தனக்குத்தானே பேசிக்கொண்டு ஒருவர் பல நாட்களாக உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைக் கவனிக்க வேண்டியது யார்? போலீசா? அரசு ஆஸ்பத்திரியா? கோர்ட்டா? உள்ளாட்சி அலுவலகமா?

இந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டம் 1912-ல் ஒரு பதில் சொன்னது. 1987-ல் கொஞ்சம் மாற்றிச் சொன்னது. 2017-ல் முற்றிலும் வேறு பதில் சொன்னது. இடையில் 28 உயிர்கள் போயின. அந்த வரலாறுதான் இது.

பூட்டி வைத்த காலம்

ஆங்கிலேயர்கள் சென்னையில் மனநோயாளிகளுக்கான விடுதியைத் தொடங்கியது 1794-ல். அது 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. சென்னை மாகாணத்தில் இதைத் தவிர விசாகப்பட்டினத்திலும் கோழிக்கோட்டிலும் இப்படிப்பட்ட விடுதிகள் இருந்தன. 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது விசாகப்பட்டினம் அங்கே போனது. 1956-ல் மலபார் கேரளாவோடு சேர்ந்தபோது கோழிக்கோடும் போனது. தமிழ்நாட்டுக்கு மிஞ்சியது கீழ்ப்பாக்கம் மட்டுமே! அந்தியூரிலிருந்து அங்கே போக ஏறக்குறைய 400 கிலோமீட்டர். அன்றைய நிலையில் ஒரு ஏழை விவசாயக் குடும்பம் நோயாளியை அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவது சாதாரண விஷயமா?

1912-ல் வந்த 'இந்தியன் லூனசி ஆக்ட்' மனநோயை மருத்துவப் பிரச்சினையாகப் பார்த்ததைவிட, ஊர் அமைதிக்கான பிரச்சினையாகவே பார்த்தது. தெருவில் திரிபவரைப் போலீஸ் பிடிக்கும், மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார், விடுதி பூட்டி வைக்கும். குணமான பிறகு அவர் எங்கே போவார், எப்படிப் பிழைப்பார் என்று கேட்க எந்தத் துறையும் இல்லை. சுதந்திரம் வந்து 40 ஆண்டுகளுக்குப் பிறகும் இதே சட்டம்தான் நடப்பில் இருந்தது.

1987: தாளில் வந்த ஒருங்கிணைப்பு

1987-ல் பாராளுமன்றம் மனநலச் சட்டத்தை நிறைவேற்றியது. நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல் 1-ம் தேதி. அதாவது ஆறு ஆண்டுகள் அது வெறும் காகிதம்! இந்தச் சட்டத்தில் இரண்டு முக்கியமான விஷயங்கள் இருந்தன. ஒன்று, லைசென்ஸ் இல்லாமல் யாரும் மனநலக் காப்பகம் நடத்தக் கூடாது. இரண்டு, ஒவ்வொரு மாநிலத்திலும் மனநலச் சேவைகளை ஒழுங்குபடுத்தவும் வளர்க்கவும் ஒருங்கிணைக்கவும் ஓர் ஆணையம் இருக்க வேண்டும். 'ஒருங்கிணைப்பு' என்ற சொல் அப்போதே சட்டத்துக்குள் வந்துவிட்டது.

இதற்கு முன்பே, 1982-ல், மத்திய அரசு தேசிய மனநலத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நடந்த சோதனை முயற்சியை முன்மாதிரியாகக் கொண்டு 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டம் திருச்சி. சட்டம் இருந்தது, திட்டமும் இருந்தது. ஆனால்...

ஏர்வாடி, 2001

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவுக்குப் பல மதத்தினரும் மனநோயாளிகளை அழைத்து வருவது நெடுங்கால வழக்கம். திருச்சிக்கு அருகில் குணசீலம் பெருமாள் கோயிலுக்கும் இதே நம்பிக்கையோடு மக்கள் போகிறார்கள். வேறு வழி தெரியாத குடும்பங்கள் அவை. அந்த நம்பிக்கையைச் சுற்றி ஏர்வாடியில் தனியார் காப்பகங்கள் முளைத்தன. நோயாளிகள் சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டார்கள்.

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அதிகாலை, ஒரு காப்பகத்தின் ஓலைக்கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. மொத்தம் 28 பேர் இறந்தார்கள். ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 13-ம் தேதி, இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள். ஏழு நாளில் செய்ய முடிந்ததை அதற்கு முன் எட்டு ஆண்டுகள் ஏன் செய்யவில்லை?

லைசென்ஸ் பார்ப்பது ஒரு துறை, கட்டடம் பார்ப்பது இன்னொரு துறை, சட்டம் ஒழுங்கு மூன்றாவது துறை. எல்லோருக்கும் ஒரு துண்டு வேலை இருந்தது. முழு மனிதரைப் பார்க்க ஒருவரும் இல்லை. இதுதான் ஏர்வாடி சொல்லும் பாடம்.

உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதை வழக்காக எடுத்தது. மாவட்டந்தோறும் காப்பகங்களைக் கணக்கெடுக்க வேண்டும், மாநிலத்துக்கு ஒரு அரசு மனநல மருத்துவமனையாவது வேண்டும் என்று 2002 பிப்ரவரியில் உத்தரவிட்டது.

வெளிநாட்டிலும் இதே கதை

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1963-ல் அதிபர் கென்னடி சமூக மனநல மையங்களுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். பெரிய விடுதிகள் காலியாயின. ஆனால் திட்டமிட்ட மையங்கள் எல்லாம் கட்டப்படவில்லை. வீடு, வேலை, மருத்துவம் மூன்றையும் இணைக்க ஆள் இல்லாததால் பலர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள். கதவைத் திறந்தால் மட்டும் போதாது, வெளியே வருபவரைக் கைபிடிக்க ஆள் வேண்டும்.

2017: இரண்டு பிரிவுகள்

2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. சங்கிலியால் கட்டுவதை எந்த வகையிலும் இது தடை செய்கிறது. சிகிச்சையை ஓர் உரிமை என்கிறது.

இதில் பிரிவு 32 முழுக்க ஒருங்கிணைப்பு பற்றியது. சுகாதாரம், சட்டம், உள்துறை, சமூக நீதி, வேலைவாய்ப்பு, கல்வி, பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாடு என்று துறைகளின் பெயரையே வரிசையாகச் சொல்லி, இவை சேர்ந்து வேலை செய்வதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்கிறது. நல்ல வரிகள்தான். ஆனால் எந்த அதிகாரி, எத்தனை நாளுக்குள் என்று அந்தப் பிரிவில் இல்லை.

இதோடு பிரிவு 100-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். தெருவில் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து, குடும்பத்தைத் தேட வேண்டும். யார், எங்கே, எவ்வளவு நேரத்தில் - மூன்றும் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் இருப்பவருக்கு உதவ நினைக்கும் எவரும் காவல் நிலையத்தில் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்கலாம். பிரிவு 32-ஐச் சொல்லி எந்த அலுவலகக் கதவைத் தட்டுவது?

பட்டியலில் இல்லாத துறை

பிரிவு 32-ன் பட்டியலில் பெயர் இல்லாத ஒரு துறை இருக்கிறது: வேளாண்மைத் துறை. அந்தியூர் போன்ற விவசாயப் பகுதியில் மன உளைச்சலில் இருப்பவர் கைக்கு மிக எளிதாகக் கிடைக்கும் விஷம் பூச்சிமருந்து. 2022 இறுதியில் தமிழ்நாடு அரசு, தற்கொலைகளைக் குறைக்கும் நோக்கத்தோடு, ஆறு பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தடை விதித்தது. டாக்டர் கையில் இல்லாத ஒரு மருந்து அது! பர்கூர் மலையிலிருந்து ஒரு தாய் மகனை மாத்திரைக்கு அழைத்து வர பஸ் வேண்டும். அவனுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்க இன்னொரு அலுவலகம் வேண்டும். குணமான பின் வேலை வேண்டும். மனநலம் என்பது மருத்துவத் துறையின் எல்லையோடு முடிவதில்லை.

2022 அக்டோபர் முதல் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கிறது. தமிழ்நாட்டில் அதன் பெயர் 'நட்புடன் உங்களோடு'. போன் எடுக்க ஆள் இருப்பது நல்ல தொடக்கம்.

மக்கள்தொகைக்கு ஏற்ற அளவில் மனநல ஊழியர்களை உருவாக்க முயல வேண்டும் என்று பிரிவு 31 அரசுக்குப் பத்து ஆண்டு கெடு வைத்திருக்கிறது. அது முடிவது 2028 மே மாதம். துறைகள் கைகோப்பதற்கு மட்டும் சட்டத்தில் கெடு எதுவும் இல்லை. 1987-ல் எழுதிய அதே சொல் 2001-ல் 28 பேரைக் காப்பாற்றவில்லை என்பதை மறக்காமல் இருந்தால், அந்தக் கெடுவை மக்களே கேட்டு வாங்கலாம்.