போகிக்கு வெள்ளையடிச்ச வீடும், மெயின்டனன்ஸே வேண்டாத வீடும்

இந்த வாரம் ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க வீட்டை கடைசியா எப்போ முழுசா சுத்திப் பார்த்து, சில்லறை ரிப்பேர் எல்லாம் முடிச்சீங்க? நம்மில் பலருக்குத் தேதி ஞாபகம் வராது. ஆனா நம்ம தாத்தா பாட்டிகிட்ட கேட்டிருந்தா யோசிக்காமலே பதில் வந்திருக்கும்: "போன போகிக்கு."

அவங்க நம்மளை விட பொறுப்பானவங்கன்னு நான் சொல்ல வரலை. அவங்க இருந்த வீடு அவங்களை சும்மா இருக்க விடலை. அந்த வீடு எப்படி நம்மகிட்ட இருந்து போச்சு, அதோட சேர்ந்து எது போச்சுங்கறதுதான் இன்னைக்குக் கதை.

முதலில் சுண்ணாம்பு. சுவரில் அடித்த வெள்ளை ஒரு மழைக்காலத்திலேயே மங்க ஆரம்பிக்கும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓயும். சுவர் காய மார்கழி. உடனே பொங்கல். அதனால் போகிக்கு முன்னாடி வெள்ளையடிப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை, மழை முடிஞ்சதும் செய்ய வேண்டிய வேலைக்குச் சரியான தேதி. சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது, பூஞ்சையைக் கொல்லும், வெயிலைத் திருப்பி அனுப்பும். இதை விட முக்கியம், வெள்ளையடிக்கறவர் கையும் கண்ணும் சுவரோட ஒவ்வொரு அடி மேலயும் போகும். எங்க விரிசல், எங்க ஓதம், எங்க கரையான்னு வருஷத்துக்கு ஒரு தடவை தெரிஞ்சுடும்.

அடுத்து மாடி. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பக்கம் பழைய வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' இன்னும் இருக்கு. மர உத்தரங்கள் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, சாய்வாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்து, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்துப் போட்ட தளம். சுண்ணாம்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு: மயிரிழை விரிசலில் தண்ணீர் இறங்கினால், சுண்ணாம்பு கொஞ்சம் கரைந்து அங்கேயே மறுபடி படிந்து அடைத்துக்கொள்ளும். பெரிய விரிசலை மனுஷன்தான் அடைக்கணும். கைப்பிடிச் சுவர் இடுக்கில் முளைக்கிற அரசஞ்செடியை விரல் அளவில் இருக்கும்போதே பிடுங்கணும். விட்டால் வேர் சுவரைப் பிளந்துடும்.

சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, சர்வர்ல க்ரான் ஜாப்னு ஒண்ணு வைப்போம். குறிச்ச நேரத்துக்குத் தானா ஓடற வேலை. போகி என்பது ஊர் முழுக்க ஒரே நாள்ல ஓடின க்ரான் ஜாப்.

இதை ரொம்ப அழகா கற்பனை பண்ணிக்க வேண்டாம். கூரை வீட்டில் இருந்தவங்களுக்கு இது பண்டிகை இல்லை, பாரம். ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கீற்று மாத்தணும். கடன் வாங்கி மாத்தினவங்க எத்தனையோ பேர். கோடையில் தீ பயம் வேற. 'இனிமே கூரையே மாத்த வேண்டாம்'னு ஒரு பொருள் வந்தா யார்தான் வேண்டாம்னு சொல்வாங்க?

அந்தப் பொருள் சிமென்ட். 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் 1914-ல் போர்பந்தரில் உற்பத்தி தொடங்கியது. ஆனாலும் ரொம்ப காலம் சாதாரண ஆளுக்கு சிமென்ட் கைக்கு எட்டலை. விலையும் விநியோகமும் அரசு கட்டுப்பாட்டில் இருந்தது, பர்மிட் வேணும். 1982-ல் அந்தக் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989-ல் முழுசா போனது. அதுக்கப்புறம் மூட்டை சிமென்ட் தெருக்கடைக்கே வந்தது. 2010-ல் தமிழக அரசு குடிசைகளை காங்கிரீட் வீடுகளாக மாற்ற கலைஞர் வீட்டுவசதித் திட்டத்தைத் தொடங்கியது. 'ஒழுகாத வீடு' லட்சக்கணக்கான குடும்பங்களோட கனவா இருந்தது, அது நியாயமான கனவு.

சிக்கல் எங்கன்னா, சுண்ணாம்பை கெட்டியாக்கற அதே கார்பன் டை ஆக்சைடு, காங்கிரீட்டுக்குள்ள வேற வேலை பண்ணுது. காங்கிரீட்டோட காரத்தன்மைதான் உள்ளே இருக்கற கம்பியை துருப்பிடிக்காம காக்குது. காற்று மெல்ல மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கும். கூடவே ஈரமும் சேர்ந்தா கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பை விட ரெண்டு மடங்குக்கு மேல இடம் கேட்கும். உள்ளேயிருந்து தள்ளும், கடைசியில் காங்கிரீட் பெயர்ந்து விழும். சுண்ணாம்புச் சுவர் முதல் வருஷமே அழுக்காகி அலாரம் அடிக்கும். காங்கிரீட் பல வருஷம் சத்தமே போடாது.

எங்க அப்பா 90-களில் கட்டின வீட்டில் மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே பாட்டியோட ரூம். சீலிங்ல ஒரு மஞ்சள் கறை, அதுக்கு ரெண்டு தடவை பெயின்ட் மட்டும் அடிச்சாங்க. ஒரு மத்தியானம் அங்கேயிருந்து ஒரு பாளம் பெயர்ந்து பாட்டி கட்டில் மேலயே விழுந்தது. பாட்டி அப்போ கூடத்தில் கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தாங்க. வந்து பார்த்த கொத்தனார் அண்ணன் துருப்பிடிச்ச கம்பியைக் காட்டி, "இது இன்னைக்கு வந்ததில்ல தம்பி, பத்து வருஷமா வருது"ன்னார்.

இது ஒரு வீட்டுக் கதைன்னு நினைச்சா, ஒரு மாநிலமே பண்ணின சோதனையைப் பாருங்க. 2003-ல் ஜெயலலிதா அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. கெடு வைத்தார்கள், செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்றார்கள். சென்னையில் வீட்டுக்கு வீடு மாடிக் குழாய் கிணற்றுக்கோ, மணலும் ஜல்லியும் போட்ட குழிக்கோ திரும்பியது. அடுத்து வந்த நல்ல மழைகளில் நிலத்தடி நீர் ஏறவும் செய்தது. ஆனா அந்தக் குழியில் இலையும் சேறும் படியும். மழைக்கு முன்னாடி மணலை எடுத்துக் கழுவிப் போடணும். அமைக்கறதுக்குக் கெடு இருந்தது. கழுவறதுக்கு ஒரு நாள் யாரும் குறிக்கலை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வற்றி, ஜனங்க குடத்தோட லாரிக்கு நின்னப்போ, பல வீடுகளில் குழாய் சுவரில் அப்படியே இருந்தது. குழி தூர்ந்து போயிருந்தது.

அதனால நான் சொல்ல வர்றது, பழைய வீட்டுக்குத் திரும்பணும்னு இல்லை. பொருள் மாறிடுச்சு, தேதியை மட்டும் திரும்பக் கொண்டு வரலாம். எங்க வீட்டில் இப்போ மூணு தேதி. புரட்டாசியில் மாடியைக் கூட்டி, குழாய் வாயை சுத்தம் பண்ணி, மழைநீர்க் குழியைக் கழுவறது. போகிக்கு டார்ச்சோட சீலிங், பாத்ரூம் மூலை, கைப்பிடிச் சுவர் எல்லாம் பார்த்து கறை, விரிசல், செடி இருந்தா குறிச்சு வைக்கறது. சித்திரையில் சம்ப்பும் மேல் டேங்க்கும். கறை தெரிஞ்சா பெயின்டருக்கு முன்னாடி பிளம்பரைக் கூப்பிடறது.

வாடகை வீட்டில் இருக்கறவங்க கறையை போட்டோ எடுத்து, தேதியோட ஓனருக்கு அனுப்பி வைங்க. உங்க ஊரில் வீட்டு வேலைக்குன்னு வேற என்ன நாள் வெச்சிருந்தாங்கன்னு பெரியவங்ககிட்ட கேட்டு எனக்கு எழுதுங்க.