மௌனமா, சான்றிதழா?

ஒருவர் இறந்துவிட்டதைக் கூகுள் அறிந்துகொள்ளும் விதம் வேறு, ஆப்பிள் அறிந்துகொள்ளும் விதம் வேறு. கூகுள் யாரையும் கேட்பதில்லை, காத்திருக்கிறது. 2013இல் வந்த ‘இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்’ வசதியில் 3, 6, 12, 18 மாதங்களில் ஒன்றைக் குறித்துவைக்கலாம். அத்தனை மாதம் கணக்கில் நடமாட்டமே இல்லையென்றால், நாம் சொல்லிவைத்தவர்களுக்கு, அதிகபட்சம் 10 பேருக்கு, தகவல் போகும். ஆப்பிளின் ‘லெகசி காண்டாக்ட்’ 2021 டிசம்பரில் வந்தது. அதற்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும். உயிரோடிருக்கும்போதே நாம் கொடுத்துவைத்த ரகசியச் சாவி எண்ணும் வேண்டும்.

கூகுளின் வழி நாசூக்கானது. துக்க வீட்டில் யாரும் சான்றிதழோடு அலைய வேண்டாம். ஆனால் நம் வீடுகளில் அப்பா போனபின் அவருடைய போனை யார் அணைத்துவைக்கிறார்கள்? வங்கி ஓடிபி அதில்தான் வரும், கேஸ் புக்கிங் அந்த எண்ணில்தான். ஆண்ட்ராய்டு போன் தானாகவே கூகுளோடு தொடர்புகொள்வதும் நடமாட்டமாகத்தான் எண்ணப்படும். பேரன் அந்த போனுக்குச் சார்ஜ் போடும்வரை, கூகுளைப் பொறுத்தமட்டில் தாத்தா சௌக்கியமாக இருக்கிறார். மாதங்கள் எண்ணவே தொடங்காது.

ஆப்பிளில் இந்தச் சிக்கல் இல்லை. சான்றிதழும் சாவியும் இருந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். சாவியை அச்சிட்டுப் பீரோவில் பத்திரங்களோடு வைக்கலாம்; வாரிசிடம் ஐபோன் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அனுமதி கிடைத்தபின் 3 ஆண்டு அவகாசம். பிறகு கணக்கு நிரந்தரமாக அழிந்துவிடும். கூகுளிலோ தரவிறக்க 3 மாதம்தான். சேமித்துவைத்த கடவுச்சொற்கள், காசு கொடுத்து வாங்கிய திரைப்படங்கள் போன்றவற்றை ஆப்பிள் தராது.

துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆப்பிளின் வழியே உதவும் என்பேன். அந்தரங்கம் காப்பதில் கூகுள் ஒரு படி மேல். மகளுக்குப் புகைப்படங்கள், தணிக்கையாளருக்கு டிரைவ் கோப்புகள், ஜிமெயில் யாருக்கும் இல்லை என்று பிரித்துக் கொடுக்கலாம். ஆப்பிளில் அப்படிப் பங்குபோட முடியாது. படம், செய்தி, குறிப்பு எல்லாம் ஒரே மூட்டை. 5 பேர் வரை நியமிக்கலாம். ஆனால் அவர்களில் எவரும் மற்றவரைக் கேட்காமலே எல்லாவற்றையும் அழித்துவிடலாம். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பமென்றால் ஒருவரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.