புழுங்கல் அரிசி காத்த உயிர்கள்

1881-ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சீரழித்த பின்னர், நகரைச் செங்கல்லால் மீண்டும் எழுப்ப முனைந்த காலத்தில் சூளைகளின் களமாக விளங்கி, பிறகு இரயில்வேத் தொழிலாளரின் குடியிருப்பாக வளர்ந்த பிரிக்பீல்ட்ஸில், தமிழர் எந்த அரிசியை உண்டனர் என்பது அற்ப விஷயமன்று. சீனச் சுரங்கத் தொழிலாளரைப் பெரிபெரி என்னும் கொடிய வியாதி ஆயிரக்கணக்கில் மாய்த்துக்கொண்டிருந்த அந்நாளில், புழுங்கல் அரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் அதற்குத் தப்பியிருந்தனர்.

இதன் காரணத்தை ஆராய, வில்லியம் பிளெட்சர் என்ற வைத்தியர் 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். ஓராண்டுக் காலம் தீட்டிய சயாம் பச்சரிசி உண்ட 120 பேரில் 36 பேர் நோயுற்று, 18 பேர் மாண்டனர், புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் நோய் கண்டவர் இருவரே, அவர்களும் விடுதிக்கு வரும்போதே அந்நோயோடு வந்தவர்கள், மரணம் ஒன்றுமில்லை. சம்மதம் சொல்லும் நிலையிலும் இல்லாத எளியோரின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவு இது என்று எண்ணுகையில் நெஞ்சம் பதறுகிறது.

நெல்லை உமியோடு அவிக்கையில், பெரிபெரியைத் தடுக்கும் தயமின் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பச்சரிசியைத் தீட்டுகையிலோ தவிட்டோடு கழிந்துபோகிறது. பழக்கத்தால் புழுங்கல் அரிசியைத் தேடிய தமிழருக்கு அது கிடைத்தது. முதலாளி கடனுக்கு அளந்த வெள்ளை அரிசியைத் தவிர வேறு வழியறியாத சுரங்கத் தொழிலாளிக்கு அது கிடைக்கவில்லை.